அடிவாரம் – 9: பாதைக்குப் பட்டா உண்டா?

ஈப்போவுக்கு மேற்கே நிற்கும் கிளேடாங் மலையின் உயரம் சுமார் 800 மீட்டர். கிழக்கே தித்திவாங்சா தொடரிலுள்ள கோர்பு மலையோ 2,183 மீட்டர். தீபகற்பத்தில் உயரத்தில் தாஹான் மலைக்கு அடுத்த இடம் அதற்குத்தான். எண்களை மட்டும் பார்த்தால் கிளேடாங்கை மலை என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். ஆனால் கிந்தாப் பள்ளத்தாக்கின் தரை மிகத் தாழ்ந்தது. மெங்லெம்பு பக்கமிருந்து புறப்படுகிறவர், நடந்தாலும் சைக்கிள் மிதித்தாலும், அந்த 800 மீட்டரில் பெரும்பகுதியை ஒரே ஏற்றமாக ஏறித் தீர்க்க வேண்டும். ஜெர்மனியின் ஹார்ஸ் காட்டு மலைகளில் உயர்ந்தது புரோக்கன், 1,141 மீட்டர். பலரும் ஏறத் தொடங்கும் ஷீர்கே என்ற ஊரே ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே ஏறவேண்டிய உயரம் கிளேடாங்கைவிடக் குறைவு. ஆகவே பேராக்கின் குட்டை மலைகளை ‘சும்மா ஒரு குன்று’ என்று ஒதுக்க நியாயமில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த உச்சிகளுக்குப் போகும் வழி யாருடையது?

கிளேடாங் உச்சிக்குப் போகும் தார்ச்சாலை தொலைத்தொடர்புக் கோபுரங்களுக்காகப் போடப்பட்டது. கோபுரம் அங்கே நிற்பதால்தான் சாலையும் இருக்கிறது. தைப்பிங்கின் லாருட் மலை 1884-இல் வெள்ளைக்கார அதிகாரிகளின் குளிர்வாசத்துக்காகத் திறக்கப்பட்ட இடம். இன்றைய சாலையைப் போருக்குப் பின் ஜப்பானியப் போர்க்கைதிகளைக் கொண்டு போடத் தொடங்கினார்கள். ஜப்பானியர் காலத்தில் கிளேடாங் தொடரின் காட்டு வழிகளில்தான் கொரில்லாக்கள் பாப்பானுக்கு இறங்கி வந்து, யாழ்ப்பாணத் தமிழர் டாக்டர் கதிகாசுவின் மனைவி சிபில் கதிகாசுவிடம் ரகசியமாக மருந்து வாங்கிப் போனார்கள். பிற்காலத்தில், புக்கிட் மேரா அரிய மண் ஆலையின் கதிரியக்கக் கழிவைப் புதைக்கவும் அதே தொடரின் சரிவுதான் அகப்பட்டது. சும்மா ஏறிப் பார்க்க ஆசைப்படுகிறவனுக்காக இங்கே யாரும் ஒரு பாதை வெட்டியதில்லை. வேறு காரியத்துக்கு வெட்டி மிச்சம் வைத்ததில் நாம் நடக்கிறோம். மிச்சத்தை உரிமையாக மாற்றிக்கொள்ளாவிட்டால், மலை அப்படியே இருக்க வழி மட்டும் காணாமல் போகும் என்பதுதான் இந்த வாரம் நான் வாதிட விரும்புவது.

மிச்சங்களில் பெரியது தோட்டப்பாதை. பொதுச் சாலைக்கும் காட்டின் விளிம்புக்கும் நடுவே கிடக்கும் நிலம் பல இடங்களில் பழைய கித்தாக் காடு. 1877-இல் கோலகங்சாரில் ஹியூ லோ நட்ட சில கன்றுகளுக்குப் பின், அரை நூற்றாண்டுக்குள் பேராக்கின் அடிவாரங்களில் ரப்பர் பரவியது. ரப்பருக்கு ஒரு குணம் உண்டு. பால்வெட்டுகிறவர் ஒவ்வொரு மரத்தடிக்கும் கால்நடையாகப் போயாக வேண்டும். அதுவும் பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள். நிரைக்கு நிரை ஒற்றையடிப் பாதை, வாளிகள் தொங்கும் காண்டாவோடு பால் ஸ்டோருக்கு இறங்கும் வழி, லோரி போகும் செம்மண் சாலை என்று தோட்டம் முழுக்க வழிகள் பின்னிக் கிடந்ததற்கு அதுவே காரணம். சரிவில் படிமட்டம் வெட்டி நட்ட இடங்களில் அந்த வழிகள் மேட்டைச் சுற்றிச் சுற்றி மெதுவாக ஏறும். இன்று மலைச்சைக்கிள் ஓட்டுகிறவர்கள் விரும்பித் தேடுவது அந்தச் சாய்வைத்தான். செம்பனையின் கதை வேறு. குலை வெட்ட ஆள் வருவது பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. டிராக்டர் போக அகலமான சாலை வேண்டும். ஒற்றையடிப் பாதைகளின் அவசியம் குறைகிறது, ஓலைக் குவியலும் புதரும் அவற்றை மூடுகின்றன. அதே நிலம் வீடமைப்புத் திட்டமானால் மிஞ்சுவது மதில் மட்டும். ஆகவே வழிகள் சுருங்குவதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் தேவைப்படவில்லை. பயிர் மாறினாலே போதும்.

இங்கே சட்டம் நமக்குக் கைகொடுப்பதில்லை. இங்கிலாந்தில் ஒரு வழியைப் பொதுமக்கள் 20 ஆண்டுகள் தடையின்றி, யாரிடமும் அனுமதி கேட்காமல் பயன்படுத்திவந்தால், அது பொதுப்பாதையாக விடப்பட்டதாகவே கருதப்படும். நில உரிமையாளர்தான் மறுப்பை நிரூபிக்க வேண்டும். 1932-இல் வந்த அந்த விதி 1980-இன் நெடுஞ்சாலைச் சட்டத்திலும் தொடர்கிறது. நம்முடைய 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் டோரன்ஸ் முறையில் எழுதப்பட்டது: பதிவேட்டில் உள்ளதுதான் உரிமை. அடுத்தவர் நிலத்தின் வழியே எத்தனை காலம் நடந்தாலும் நீண்டகாலப் பழக்கத்தால் மட்டும் வழியுரிமை வராது என்று 284-ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறை தேய்த்த வழியானாலும் பதிவேட்டுக்கு அது கண்ணில் படாத ஒன்று. ஆனால் அதே சட்டத்தில் 387-ஆம் பிரிவிலிருந்து வேறொரு கதவு திறக்கிறது. தனியார் நிலத்தின் ஊடாகப் பொதுமக்களுக்கான வழியுரிமையை உருவாக்க மாவட்ட நில நிர்வாகிக்கு அங்கே அதிகாரம் தரப்பட்டிருக்கிறது. தானாகக் கிடைக்காது, கேட்டால் கிடைக்க வாய்ப்புண்டு. மலையேற்றக் குழுக்கள் உச்சியில் எடுக்கும் படங்களுக்குச் செலவிடும் ஊக்கத்தில் ஒரு பங்கை இந்தப் பிரிவுகளின்மேல் காட்டினால் தேவலை.

நில உரிமையாளர் சொல்லும் மறுப்பு எளிதானது: ஆள் நுழைந்தால் குலை திருடுபோகும், எவனாவது விழுந்து காலை உடைத்துக்கொண்டால் பழி என் தலையில். செம்பனைக் குலை ஒன்றே பத்து இருபது கிலோவுக்குக் குறையாது. அதைத் திருடுகிறவன் வண்டியோடு வருவான், முதுகுப்பையோடும் தண்ணீர்ப் போத்தலோடும் வரமாட்டான். விபத்துப் பொறுப்புக்கு ஜெர்மனியின் 1975-ஆம் ஆண்டுக் கூட்டாட்சி வனச் சட்டத்தில் விடை இருக்கிறது. பொழுதுபோக்குக்காகக் காட்டுக்குள் யாரும் நுழையலாம், தனியார் காடானாலும் சரி; சைக்கிள் சாலைகளிலும் பாதைகளிலும் மட்டும்; நுழைகிறவர் சொந்தப் பொறுப்பில் நுழைகிறார். நம் வனச் சட்டத்தின் போக்கு நேர் எதிர். 1984-ஆம் ஆண்டுத் தேசிய வனச் சட்டப்படி நிரந்தர வனக் காப்பகத்துக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும்.

அனுமதிச் சீட்டை நான் எதிர்க்கவில்லை. கோர்பு போன்ற மலைக்கு அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் போவது மடத்தனம். தேடிப் போகிற மீட்புப் படையினரும் மனிதர்கள்தான். ஆனால் சீட்டு காப்பகத்தின் எல்லையில் தொடங்குகிறது. அந்த எல்லைவரை போவது எப்படி என்பதற்கு அதில் பதில் கிடையாது. வேலி போட்ட தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு, ஓடையோரமாகக் குறியில்லாத வழியில் நுழைந்து காட்டுக்குள் திசை தவறும் ஆபத்துக்கு, வழியை மூடிவைப்பதும் ஒரு காரணமாகிறது.

சூழல்வாதிகள் சொல்வதில் இதைவிட உண்மை அதிகம். கிளேடாங் கருங்கல் மலை. அந்தப் பாறை சிதைந்து உண்டான மண், மழையில் சக்கரம் உருண்டால் கீறிக்கொள்ளும். கீறல் வாய்க்காலாகும், வாய்க்கால் மண்சரிவுக்கு வழிவிடும். எனவே சக்கரங்கள் பழைய சாலைகளோடு நிற்கட்டும், காட்டுத் தடங்கள் காலுக்கு மட்டும் என்று பிரிப்பது நியாயம். சைக்கிள்காரர்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில் விதி இன்னும் கடுமையாக வேண்டும். 1973 அக்டோபரில் குனோங் சீரோவின் ஒரு பக்கம் பெயர்ந்து விழுந்து சுமார் 40 பேரைக் கொன்ற ஊர் இது. ஆனால் மலையை வெடிவைத்துக் கல்லுடைக்க உரிமம் கிடைக்கும் பள்ளத்தாக்கில், நடக்கிறவனின் செருப்பை முதல் குற்றவாளியாக நிறுத்துவது வேடிக்கை.

கடைசி மறுப்பு நம்மவர்களிடமிருந்து வருகிறது. எனக்கு உறைப்பதும் அதுதான். தோட்டம் விற்கப்பட்டபோது லயத்து வீடே கையில் இல்லாமல் போனவர்களிடம் உச்சிக்குப் போகும் பாதையைப் பற்றிப் பேசலாமா? வார இறுதிச் சைக்கிள் வசதியானவர்களின் விளையாட்டு அல்லவா? 1950-களின் தோட்டத் துண்டாடலில் எத்தனை குடும்பங்கள் சிதறின என்பது பேராக் தமிழர்களுக்குப் புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கப் புறப்பட்டது அதனால்தான். அவசரகாலத்தில் தொழிலாளர்களை முள்வேலிக்குள் ஒன்றாகக் குடியேற்றிய பிறகு காட்டு விளிம்பு என்றாலே சந்தேகம், ஊரடங்கு. மலையடியில் வாழ்ந்தவர்கள் மலையை அந்நியமாகப் பார்த்ததற்கு அதுவும் ஒரு காரணம். இவ்வளவும் உண்மை. ஆனால் தோட்டத்துக் கோயிலுக்கும் இடுகாட்டுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் போன வழி எது? பெரட்டுக் களத்திலிருந்து பிரிந்த அதே செம்மண் சாலைதான். தோட்டம் கைமாறியபின் தன் அப்பாவின் சமாதிக்குப் போகப் புதிய முதலாளியின் காவலாளியிடம் கேட்டு நிற்கிறவருக்கும், உச்சிக்குப் போகும் வழியில் அதே சங்கிலியின்முன் நிற்கிற சைக்கிள்காரருக்கும் எதிரே நிற்பது 284-ஆம் பிரிவுதான். முன்னவரின் தேவை பெரிது, பின்னவருடையது சிறிது. இருவரும் சேர்ந்து மனுப்போட்டால் மாவட்ட நில அலுவலகத்தில் காது கேட்கும் வாய்ப்பு கூடுகிறது; தனித்தனியே போனால் ஒருவரைப் பிற்போக்கு என்றும் மற்றவரை வெட்டிப்பொழுது என்றும் திருப்பி அனுப்பிவிடலாம்.

மனுவோடு ஆதாரமும் வேண்டும். அந்நாளைய நில அளவைத் துறை மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் அச்சிட்ட வரைபடங்களில் தோட்டச் சாலைகளும் நடைபாதைகளும் கோடுகோடாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. எந்த வழி எங்கே போனது என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி இல்லை. 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி ஒவ்வொரு உள்ளூர் திட்டத்தின் வரைவும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டாக வேண்டும். ஆட்சேபங்களையும் பெற்றாக வேண்டும். அந்தச் சில வாரங்களில் யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம். பழைய படத்தின் கோட்டைப் புதிய படத்தில் வரைந்து, இன்ன லாட் எண்ணின் வழியாக இத்தனை அடி அகலம் வேண்டும் என்று கேட்கும் தாளுக்குக் கோயில் கமிட்டித் தலைவரும் சைக்கிள் குழுச் செயலாளரும் கையெழுத்துப் போட்டால் போதும்.