பிழைக்கப் போன இடத்தில் உரிமை

பெங்களூரிலுள்ள பிரேசர் டவுனுக்கு மாநகராட்சி ஏடுகளில் புலிகேசி நகர் என்று பெயர். 1898ஆம் ஆண்டில் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கிற்று. நெருக்கடியான தெருக்களில் அடைந்து கிடந்த மக்களுக்குக் காற்றோட்டமுள்ள புதிய குடியிருப்பு வேண்டுமெனக் கருதி, இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இப்பேட்டையை அமைத்து, அந்நாளில் மைசூரில் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரை இதற்கு இட்டனர். பட்டாளத்தைத் தொடர்ந்து வந்த தமிழ் மக்கள் தண்டுப் பகுதியெங்கும் வேரூன்றியிருந்தனர். அப்பகுதி 1947 வரை பிரிட்டிஷ் நிர்வாகத்தின் கீழிருந்தது. சென்னை மாகாணத்திலிருந்து வந்தவரை, "எந்த உரிமையில் வந்தாய்?" என்று வினவுவார் இல்லை. பட்டாளத்துக்கு ஆள் வேண்டியிருந்தது, அவர்கள் வந்தார்கள். ஆனால், இனி வேண்டாம், போ என்று சொல்லியிருந்தால், எடுத்துக் காட்ட அவர்கள் கையில் ஒரு சாசனமும் இருந்ததில்லை.

அந்தச் சாசனம் 1950 ஜனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அரசியல் சட்டத்தின் 19ஆம் ஷரத்து, இந்நாட்டுக் குடிமகன் நாடெங்கும் தடையின்றிச் செல்லலாம், எப்பகுதியிலும் தங்கி வாழலாம், எத்தொழிலையும் வாணிகத்தையும் மேற்கொள்ளலாம் என்கிறது. பொதுமக்கள் நலனை முன்னிட்டு நியாயமான கட்டுப்பாடுகளை அரசாங்கம் விதிக்கலாம் என்பதும் அதே ஷரத்தில் உண்டு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம் போன்றோர் சொற்களைச் சற்று உற்றுப் பார்ப்பது வழக்கம். 15ஆம் ஷரத்து, பிறந்த இடத்தைக் காரணமாகக் காட்டி அரசாங்கம் வேற்றுமை பாராட்டலாகாது என்கிறது. வசிக்கும் இடத்தைப் பற்றி அங்கே பேச்சில்லை. அரசாங்க உத்தியோகத்தைப் பற்றிய 16ஆம் ஷரத்திலோ 'வசிப்பிடம்' என்னும் சொல்லும் சேர்ந்திருக்கிறது. வசிப்பிட நிபந்தனை விதிக்கும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கே உண்டு, மாநிலச் சட்டசபைக்கு இல்லை என்றும் அது கூறுகிறது. தனியார் ஆலையில் வேலை தேடுவோருக்கு இக்காப்பு இல்லை. அவர்கள் பெரிதும் சார்ந்து நிற்க வேண்டியது 19ஆம் ஷரத்தையே.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. போகவும் தங்கவும் உரிமை உண்டு. போன இடத்தில் வேலை கிடைக்கும் உரிமை உண்டா? வேலை செய்யும் உரிமையைப் பற்றிப் பேசுவது 41ஆம் ஷரத்து. அது நான்காம் பாகத்தில், அரசாங்கத்துக்கு வழிகாட்டும் நெறிகளின் வரிசையில் நிற்கிறது. அந்நெறிகளை நிறைவேற்றித் தருமாறு நீதிமன்றத்தைக் கேட்க இயலாது. சுதந்திரம் ஓர் அறையிலும் சோறு மற்றோர் அறையிலும் வைக்கப்பட்டாற்போல!

அவ்விரு அறைகளுக்கும் இடையே ஒரு கதவைத் திறந்தது, பம்பாயில் எழுந்த ஒரு வழக்கு. அதன் நடுவே நின்றவர்களுள் ஒருவர் தமிழர் என்பதால் அதைச் சற்று விரித்துரைப்போம். சேலத்தைச் சேர்ந்த நிலமற்ற கூலியாள் ஒருவர், வறட்சியால் வேலையிழந்து 1961இல் பம்பாய் சென்றார். நெடுஞ்சாலையோர நடைபாதையில், பிளாஸ்டிக் தாளும் கித்தானும் கொண்டு மறைத்த குடிசையில் மனைவியோடும் மூன்று பெண்மக்களோடும் வாழ்ந்தார். 1981 ஜூலையில், நடைபாதைவாசிகளை வெளியேற்றிச் சொந்த ஊர்களுக்கு அனுப்புவதென மகாராஷ்டிர அரசு முடிவு செய்தது. குடிசை இடிக்கப்பட்டது, அவர் சேலத்துக்குப் பஸ் ஏற்றப்பட்டார். மனைவி மக்கள் பம்பாயிலேயே இருந்துவிட்டனர். அவரும் திரும்பி வந்து மீண்டும் நடைபாதையிலேயே குடியேறினார். வேறென்ன செய்வார்?

பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் பெயரால் வழங்கும் அவ்வழக்கில், தலைமை நீதிபதி சந்திரசூட் உள்ளிட்ட ஐந்து நீதிபதிகள் 1985 ஜூலை 10ஆம் நாள் தீர்ப்பளித்தனர். உயிர் வாழும் உரிமையைக் காக்கும் 21ஆம் ஷரத்தினுள் ஜீவனோபாயமும் அடங்கும் என்றனர். இதை விளக்க அவர்களுக்கு ஆங்கிலத்தில் பல பக்கங்கள் வேண்டியிருந்தன. நம் மொழியிலோ 'பிழைப்பு' என்னும் ஒரு சொல் போதும்: நோயிலிருந்து உயிர் தப்பியவனும் பிழைத்தான், வெளியூரில் கூலி வேலை செய்து உண்பவனும் பிழைக்கிறான். எனினும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தத்துவம் வென்றது, குடிசைகள் நிலைக்கவில்லை. முன்னறிவிப்புக் கொடுத்து, மழைக்காலம் கழிந்தபின் அகற்றலாம் என்றே நீதிமன்றம் கூறியது. 1976ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அடையாள அட்டை பெற்றோருக்கு மட்டும் மாற்றிடம் தரச் சொன்னது.

நீதிமன்றத்தில் பாதி திறந்த கதவைத் தேர்தல் மேடை வேறு பக்கமாகத் தள்ளுகிறது. வேலையைப் பொதுவில் உரிமையாக்குவதைவிட, உள்ளூராருக்கு ஒதுக்குவதாக வாக்களிப்பது கட்சிகளுக்கு எளிது. அரியானா, மாதம் ரூ.30,000 வரை சம்பளமுள்ள தனியார் வேலைகளில் நூற்றுக்கு 75ஐ உள்ளூராருக்கு ஒதுக்கிச் சட்டமியற்றியது. பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றம் அச்சட்டம் செல்லாதென 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்தது. பிறரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டுத் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் அறிக்கையும் அதே 75ஐ வாக்களித்தது. சென்னைக்குப் பிழைக்க வரும் பீகாரிக்கு நாம் மறுக்கும் ஒன்றைப் பெங்களூரில் நமக்கென எப்படிக் கேட்பது?

2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவையும் ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் அளித்தது: தனியார் நிறுவனங்களில் நிர்வாகப் பதவிகளில் நூற்றுக்கு 50, மற்றவற்றில் 70 உள்ளூராருக்கு. எதிர்ப்பு எழவே ஓரிரு நாட்களில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. அம்மசோதா உள்ளூரார் எனக் கொண்டது, மாநிலத்தில் பிறந்து, 15 ஆண்டுகள் வாழ்ந்து, கன்னடம் பேசவும் படிக்கவும் எழுதவும் வல்லவரை. தம் மண்ணில் எழும் ஆலைகளில் தம் மக்களுக்கு இடமில்லையே என்னும் கன்னடியரின் வருத்தம் பொய்யன்று. 1983இல் அமைந்த சரோஜினி மகிஷி குழு அதைப் பற்றி நீளவே எழுதியிருக்கிறது.

பிரேசர் டவுனில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பள்ளியில் கன்னடம் பயில்கிறான். அம்மசோதா மீண்டும் உயிர் பெற்றாலும் அவன் உள்ளூரானே. தருமபுரியிலிருந்து சென்ற மாதம் பஸ் ஏறி வந்து, அதே வீட்டுத் திண்ணையில் படுத்துறங்கி வேலை தேடும் அவன் தாய்மாமன் உள்ளூரான் அல்லன். தங்குவதற்கு 19ஆம் ஷரத்து அவனுக்கு உண்டு. நூற்றுக்கு முப்பது இடங்களுக்குள்தான் அவன் தேட வேண்டியிருக்கும்.