பள்ளி முடிந்த பிறகு

சிங்கப்பூரில் தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் பல. அக்குடும்பங்களின் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பலர், பாடங்கள் முடிந்ததும் மாணவர் பராமரிப்பு நிலையத்துக்குச் செல்கிறார்கள். 7 முதல் 14 வயது வரை உள்ளவர்களுக்காக இந்நிலையங்கள் இயங்குகின்றன. சில பள்ளி வளாகத்திலேயே இருக்கின்றன. சில வீவக அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் உள்ளன. பிள்ளைகள் அங்கே மதிய உணவு உண்கிறார்கள், வீட்டுப்பாடம் செய்கிறார்கள், விளையாடுகிறார்கள், சிற்றுண்டியும் உண்கிறார்கள். ஆகவே, அங்குப் பணிபுரியும் ஊழியர்களுக்கு உணவு, உடலுழைப்பு ஆகியவை பற்றிப் பயிற்சி அளிப்பது அவசியமாகிறது.

பயிற்சியில் எளிய பகுதி, எதை உண்ணலாம் என்பது. சுகாதார மேம்பாட்டு வாரியம் 2014-இல் அறிமுகப்படுத்திய ‘எனது ஆரோக்கியத் தட்டு’ இதற்குப் போதும். தட்டில் பாதி காய்கறியும் பழமும். கால் பங்கு முழுத்தானியம். எஞ்சிய கால் பங்கு மீன், கோழி, பருப்பு, தவ்வு போன்றவை. பானங்களுக்கும் வழிகாட்டி உண்டு. சர்க்கரையோ நிறைவுற்ற கொழுப்போ மிகுந்த பொட்டலப் பானங்களில் ‘சி’ அல்லது ‘டி’ என்னும் தரக்குறியீடு இருக்க வேண்டும் என்பது 2022 இறுதியில் நடப்புக்கு வந்தது. இவற்றை ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளலாம்.

கடினமான பகுதி, சாப்பாட்டு மேசையில் என்ன பேசுவது என்பதுதான். “கீரையைச் சாப்பிட்டால்தான் ஐஸ்கிரீம்” என்று ஊழியர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். அந்த ஒரு வாக்கியத்தில் கீரை தண்டனையாகவும் ஐஸ்கிரீம் பரிசாகவும் மாறிவிடுகின்றன. அமெரிக்க உணவியல் வல்லுநர் எலின் சாட்டர் வேறொரு முறையைப் பரிந்துரைத்தார். எதை, எப்போது, எங்கே பரிமாறுவது என்பதைப் பெரியவர் முடிவு செய்ய வேண்டும். அதில் எவ்வளவு உண்பது என்பதைப் பிள்ளை முடிவு செய்ய வேண்டும். புதிய காய்கறியைப் பிள்ளை முதல்முறை ஒதுக்கினால் அதோடு விட்டுவிடக் கூடாது. வற்புறுத்தாமல் பலமுறை, சில வேளைகளில் பத்து முறைக்கும் மேல், கொஞ்சமாக வைத்தால்தான் நாக்கு பழகும். சோற்றை மீதம் வைப்பது பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு இது உடனே மனத்துக்கு ஒப்பாது. ஆனால் முதலில் குறைவாகப் பரிமாறி, “வேண்டுமானால் மறுபடி கேள்” என்று சொல்லிப் பாருங்கள். உணவு வீணாவதும் குறையும்.

விளையாட்டுக்கு வருவோம். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடலை இயக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். விளையாட்டு நேரம் என்று அட்டவணையில் அரைமணி இருந்தாலும், பிள்ளைகள் அதில் பாதியை வரிசையில் நின்றே கழித்துவிடக்கூடும். ‘அவுட்’ ஆனவரை வெளியே உட்காரவைக்கும் ஆட்டங்களில் முதலில் உட்காருபவர் யார்? பெரும்பாலும் மெதுவாக ஓடும் பிள்ளை, அதாவது ஓட்டம் அதிகம் தேவைப்படும் பிள்ளை. இதைக் கவனித்த தென் கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஊழியர்களுக்குச் சில மாற்றங்களைக் கற்றுத்தந்தார்கள். வரிசையைக் குறைப்பது, யாரையும் வெளியேற்றாதிருப்பது, அணிகளைச் சிறிதாக்குவது, ஊழியரும் சேர்ந்து ஆடுவது ஆகியவை அவற்றுள் அடங்கும். ஓடிப்பிடித்து விளையாடும்போது பிடிபட்டவர் ஐந்து முறை குதித்துவிட்டு மீண்டும் ஓடலாம் என்று விதியை மாற்றுவதற்குச் செலவு ஏதுமில்லை.

ஊழியர்கள் தவிர்க்க வேண்டிய ஒன்றும் உண்டு. உடல் எடையைச் சுட்டிப் பிள்ளைகளைப் பிரிக்கக் கூடாது. 1992-இல் நம் பள்ளிகளில் ‘டிரிம் அண்ட் ஃபிட்’ திட்டம் தொடங்கியது. எடை மிகுந்த மாணவர்கள் தனியே அழைக்கப்பட்டு உடற்பயிற்சி செய்தார்கள். உடற்பருமன் விகிதம் குறைந்தது உண்மை. அந்த மாணவர்கள் கேலிக்கு ஆளானதும் உண்மை. திட்டத்தின் சுருக்கப் பெயரைத் திருப்பிப் படித்தால் ‘குண்டு’ என்று பொருள்தரும் ஆங்கிலச் சொல் வரும். பிள்ளைகளின் கண்ணுக்கு அது தப்புமா? 2007-இல் அத்திட்டம் கைவிடப்பட்டு, எல்லா மாணவருக்கும் பொதுவான அணுகுமுறை வந்தது.

பயிற்சி பெற்ற ஊழியர் நிலையத்துக்குத் திரும்பும்போது, அங்கே உணவுப் பட்டியல் ஏற்கெனவே முடிவாகியிருக்கலாம். சமையல் ஒப்பந்தத்தில் வாரம் மூன்று நாள் பொரித்த கோழி என்று இருந்தால் அவரால் என்ன செய்ய முடியும்? எனவே, நிலைய மேற்பார்வையாளரும் உணவு வழங்குபவரும் அதே பயிற்சி வகுப்பில் உட்கார வேண்டும்.