பெர்லினில் கட்டிய லண்டன்

துப்பாக்கி வெடிக்கிறது. திரையில் ரத்தத் துளிகள் தெறிக்கின்றன. எட்கர் வாலஸ் பேசுவதாக ஒரு குரல் அறிவிக்கிறது. 1960களில் மேற்கு ஜெர்மனி ரசிகர்கள் நிமிர்ந்து உட்கார இது போதும். இத்தனைக்கும் அந்த ஆங்கில நாவலாசிரியர் 1932லேயே இறந்துவிட்டார்.

வாலஸின் துப்பறியும் கதைகள் கோல்ட்மான் பதிப்பகத்தின் சிவப்பு அட்டைப் புத்தகங்களாக ஜெர்மன் வாசகர்களுக்கு ஏற்கெனவே பழக்கமானவை. 1959இல் ஹரால்ட் ரைன்ல் இயக்கத்தில் ‘முகமூடித் தவளை’ திரைக்கு வந்தது. பிதுங்கிய கண்களோடு தவளை முகமூடி போட்ட கொள்ளைக் கூட்டத் தலைவன்தான் வில்லன். படம் நன்றாக ஓடவே, ரியால்டோ நிறுவனம் 1972 வரை 32 வாலஸ் படங்களைத் தந்தது. துப்பறியும் கதைக்கு ஜெர்மானியர் சொல்லும் ‘கிரிமி’ என்ற பெயரே, வெளிநாட்டு ரசிகர்களிடம் இந்த வகைப் படங்களுக்கு நிலைத்துவிட்டது.

கதை நடப்பது லண்டனில். படப்பிடிப்போ பெரும்பாலும் பெர்லினிலும் ஹாம்பர்க்கிலும். பிக் பென் கோபுரத்தை ஒரு முறை காட்டிவிட்டு, மீதியைப் புகை மூட்டத்திடம் விட்டுவிடுவார்கள். ‘தேம்ஸ் கரைச் சத்திரம்’ (1962) படத்தில் முக்குளிப்பு உடையணிந்த கொலைகாரன் ஈட்டி எய்து ஆட்களைச் சாய்ப்பது ஹாம்பர்க் நீர்வழிகளில்தான். அப்படி ஒரு லண்டன் எங்கும் இருந்ததில்லை. அதனாலேயே அங்கே எதுவும் நடக்கலாம்.

இதன் உச்சம், ஆல்ஃபிரட் வோரர் இயக்கிய ‘லண்டனின் இறந்த கண்கள்’ (1961). மூடுபனி இரவுகளில் பணக்காரர்கள் தேம்ஸில் பிணமாக மிதக்கிறார்கள். ஒரு சடலத்திடம் பிரெய்ல் எழுத்துத் தாள் கிடைக்கிறது. மயிரடர்ந்த கைகளும் வெறித்த வெண்விழிகளுமாக ஒரு முரட்டுப் பார்வையற்றவன் இருளிலிருந்து வருகிறான். வோரரின் கேமராவுக்கும் குறும்பு அதிகம்: ஒருவர் வாயைக் கழுவும் காட்சியை வாய்க்கு உள்ளேயிருந்தே காட்டுகிறது. வினோதக் கோணமும் நீண்ட நிழலும் ‘டாக்டர் கலிகாரி’ (1920) காலத்திலிருந்தே ஜெர்மன் சினிமா கைவரப் பெற்ற வித்தை.

இவ்வளவு மிரட்டலுக்கும் பின்னால் பேய் இருப்பதில்லை. இன்சூரன்ஸ் பணமும் உயிலும் பரம்பரைச் சொத்தும்தான் இருக்கின்றன. ‘சாட்டை ஏந்திய துறவி’ (1967) படத்தில் சிவப்பு அங்கியில் பெண்கள் விடுதிப் பள்ளியைச் சுற்றும் உருவமும் ரத்தமும் சதையுமான ஆள்தான். ஆவியைப் போல வருபவனுக்குக் கடைசியில் விலங்கு மாட்டலாம் என்ற நிம்மதியோடு பயப்படலாம். நடுநடுவே எடி ஆரெண்ட் அசட்டு பட்லராகவோ உதவியாளராகவோ வந்து சிரிக்கவைப்பார். கிளவுஸ் கின்ஸ்கி திருதிருவென விழித்தபடி எல்லாச் சந்தேகத்தையும் தன் பக்கம் இழுப்பார். பீட்டர் தாமஸின் ஜாஸ் இசை அலறலையும் தாளத்தில் சேர்த்துக்கொள்ளும்.

இந்தப் படங்கள் வரத் தொடங்கியபோது போர் முடிந்து பதினைந்து ஆண்டுகூட ஆகாத நாட்டில், கொலையும் குற்றமும் வேறொரு ஊரில் நடப்பதாகக் காட்டியதும் ரசிகர்களுக்கு வசதியாக இருந்திருக்கும்.

1966 முதல் வண்ணம் வந்தது. கடைசிப் படங்கள் இத்தாலியர்களோடு சேர்ந்து தயாரானவை. அங்கே ‘ஜல்லோ’ என்ற ரத்தம் தோய்ந்த திகில் வகை அப்போது கொடிகட்டிப் பறந்தது. ஜெர்மனியிலோ, பழைய படங்கள் டிவியில் திரும்பத் திரும்ப ஓடி அடுத்த தலைமுறையையும் பிடித்துக்கொண்டன. அதனால்தான் 2004இல் அவற்றைக் கிண்டலடித்து ‘டெர் விக்ஸர்’ என்ற முழுநீளப் படம் எடுக்க முடிந்தது. 2007இல் வந்த அதன் இரண்டாம் பாகத்தில், ஒரு காலத்தில் ஸ்காட்லாந்து யார்டு இன்ஸ்பெக்டராகக் கலக்கிய யோவாஹிம் ஃபுக்ஸ்பெர்கரே எண்பது வயதை ஒட்டிய நிலையில் பிரபுவாக வந்து நடித்தார்.