பனிக்கால நடையும் இரண்டு மீட்டர் கயிறும்

வடக்கு இங்கிலாந்தில் டிசம்பர் மாதப் பகல் ஏறத்தாழ ஏழரை மணி நேரமே. காலை எட்டு மணி கடந்து எழும் சூரியன், மாலை நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடுகிறது. வீட்டுக்குள் முடங்கத் தோன்றும் இந்தப் பருவத்திலும் நாய் வளர்ப்போர் வயல்வெளிகளுக்கும் மேட்டுநிலங்களுக்கும் புறப்பட்டுவிடுகின்றனர். ஷெஃபீல்டு நகரின் மேற்கு விளிம்பில் வசிக்கும் நானும் அவர்களில் ஒருவன். நகர எல்லையிலேயே பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா தொடங்கிவிடுகிறது. என்னுடன் வருவது மணி என்னும் ஒன்பது வயது லாப்ரடார்.

குளிர்கால நடை கோடை நடையினும் இனியது என்பது என் துணிபு. கோடையில் இடுப்பளவு வளர்ந்து வழியை மறைத்த பெரணிச் செடிகள் பழுப்பேறிச் சாய்ந்துவிடுவதால் பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணுக்குப் புலப்படுகிறது. சேறு உறைந்து கெட்டிப்பட்ட நாள்களில் செருப்பில் ஒட்டுவதில்லை. ஸ்காண்டிநேவியாவிலிருந்து வலசை வந்த பறவைகள் இலையற்ற வேலிமரங்களில் சிவந்த கனிகளைக் கொத்துகின்றன. மாடுகள் பெரும்பாலும் கொட்டகைக்குள் இருக்கும். கன்றுகளுடன் நிற்கும் பசுக்கூட்டத்தை நாயோடு கடக்கும் அச்சம் இல்லை. (மாடு துரத்தினால் நாயின் கயிற்றை விட்டுவிடுங்கள் என்பது அரசின் அறிவுரை. நாய் தப்பி ஓடிவிடும்; மனிதர் ஓட முடியாது.)

பிறர் நிலத்தில் நான் நடப்பது எங்ஙனம்? நம் ஊரில் வரப்பின்மேல் நடக்க விடுவது பெரும்பாலும் உடைமையாளரின் பெருந்தன்மை. இங்கே அது சட்டம். 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொதுப்பாதைகளை உள்ளாட்சி மன்றங்கள் வரைபடத்தில் பதிந்து வைத்துள்ளன. அதில் ஏறிய பாதை, நிலம் எத்தனை கைகள் மாறினாலும் அழிவதில்லை. வயலின் குறுக்கே செல்லும் பாதையை விதைப்புக்காக உழுத விவசாயி, 14 நாள்களுக்குள் அதைச் சீர்படுத்தித் தர வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய பாதைகளின் மொத்த நீளம் இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கும் மேல். நம் வருவாய்த் துறைப் பதிவேடுகளிலும் வண்டிப்பாதைகள் உண்டு. அவற்றைத் தரையில் தேடிக் கண்டுபிடிப்பது தனிக்கதை.

மேட்டுநிலங்களின் வரலாறு இன்னும் கடுமையானது. கௌதாரி இனப் பறவைகளைச் சுடுவதற்காகச் செல்வந்தர்கள் அவற்றை அடைத்து வைத்திருந்தனர். 1932 ஏப்ரல் 24 அன்று 20 வயது பென்னி ராத்மன் தலைமையில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டின்மீது அத்துமீறி ஏறினர். ஐவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. 1951-இல் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக இப்பகுதி அறிவிக்கப்பட்டது. பாதையை விட்டு விலகியும் திறந்த மேட்டுநிலங்களில் நடக்கும் உரிமை 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது.

அந்தச் சட்டம் நாய்க்கும் ஓர் அளவு வைத்தது. பறவைகள் தரையில் கூடு கட்டும் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, திறந்த மேட்டுநிலங்களில் நாய் இரண்டு மீட்டருக்கு மிகாத கயிற்றில் இருக்க வேண்டும். இதைப் படித்துவிட்டுக் குளிர்காலம் நாய்க்கு விடுமுறை என்று பலர் எண்ணிக்கொள்கின்றனர். கால்நடைகளின் அருகில் ஆண்டு முழுவதும் கயிறு வேண்டும் என்னும் அடுத்த வரி அவர்கள் கண்ணில் படுவதில்லை.

அந்த வரியின் பொருள் ஜனவரியில்தான் முழுமையாக விளங்கும். செம்மறியாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ ஐந்து மாதம். நவம்பர் தொடக்கத்தில் கிடாவை விட்டால் ஏப்ரல் தொடக்கத்தில் குட்டி என்பது இங்குள்ள கீதாரிகளின் கணக்கு. ஆகவே, நாம் பனியில் மகிழ்ந்து நடக்கும் மாதங்களில் வயலில் நிற்கும் ஆடுகளில் பெரும்பாலானவை சினையாடுகள். நாய் கடிக்க வேண்டியதில்லை. விளையாட்டாகத் துரத்தினாலே போதும், அதிர்ச்சியில் கரு கலைந்துவிடக்கூடும். அந்த இழப்பு நாய்க்காரருக்குத் தெரிய வருவதே இல்லை. அவர் மாலைத் தேநீருக்கு வீடு திரும்பியிருப்பார். துரத்துவதையே குற்றமாக்கிய சட்டம் 1953-இலேயே வந்துவிட்டது. வேறு வழியில்லாத நிலையில் ஆட்டைக் காக்க நாயைச் சுட்டுக் கொன்ற விவசாயிக்கும் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு.

நடக்கும் உரிமையை மேலும் விரிவாக்க வேண்டும் என்று கோரிக்கை எழும்போது, எதிர்ப்போர் அடிக்கடி சுட்டிக்காட்டுவது நாய்களைத்தான். சிறை சென்றவர்கள் பெற்றுத்தந்த உரிமைக்கு எதிரான வாதத்தை, கயிற்றை அவிழ்த்துவிடும் நாமே எழுதிக் கொடுக்கிறோம். பறவை வேட்டைக்கான மேடுகளில் நாய்களை அடியோடு விலக்கிவைக்க உடைமையாளருக்கு இப்போதே வழி இருக்கிறது; புறப்படும் முன் வரைபடத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

கயிறு இன்பத்தைக் குறைக்கிறது என்பாருடன் எனக்கு உடன்பாடில்லை. உறைந்த நீர்த்தேக்கத்தின் மெல்லிய பனிப்பரப்பில் நாய் இறங்குவதையும், அதைக் காப்பாற்றப் பின்னே இறங்கிய மனிதர் மூழ்குவதையும் தடுப்பது இந்தக் கயிறே. அன்றியும், நாயின் வேகத்துக்கு நாமும் நம் வேகத்துக்கு நாயும் இறங்கி வரும்போதுதான் சில காட்சிகள் வாய்க்கின்றன. இங்கிலாந்தில் மலைமுயல்கள் வாழ்வது பீக் டிஸ்ட்ரிக்டில் மட்டுமே. குளிர்காலத்தில் அவற்றின் மயிர் வெண்ணிறமாக மாறிவிடும். பனி பொழியாத ஆண்டில் பழுப்பு நிலத்தின்மேல் அந்த வெண்மை அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. சென்ற ஜனவரியில் பாறையொன்றின் அடியில் அப்படியொரு முயலை முதலில் கண்டது மணிதான். கயிறு இறுகியது, அவன் நின்றான், நானும் நின்றேன். பத்தடி தொலைவில், காதுகளை முதுகோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அது இருந்த இடத்திலேயே இருந்தது.