கேலி ஸ்டிக்கருக்குப் பதில் நான்கு கட்டப் படம்

ஓசூரில் என் அக்கா எட்டாம் வகுப்பு ஆசிரியை. சென்ற ஆண்டு அவர் வகுப்பு மாணவன் ஒருவன் நான்கு நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை. விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வீட்டில் தெலுங்கு பேசும் அவனது தமிழைக் கிண்டல் செய்து, போட்டோவை வெட்டி ஸ்டிக்கராக்கி, வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் கலந்து புழங்கும் ஊரில் இந்தக் கேலி புதிதல்ல. ஆனால் முன்பு பள்ளி மணி அடித்ததும் கேலி நிற்கும். இப்போது அது பையனுடன் வீட்டுக்கே வருகிறது.

பள்ளியில் திட்டி, குரூப்பைக் கலைத்தார்கள். மறுநாளே வேறு பெயரில் குரூப் முளைத்தது. "நீதான் சாப்ட்வேர் ஆளாச்சே, ஏதாவது வழி சொல்லுடா" என்றார் அக்கா.

வாட்ஸ்அப் செய்திகளை அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாது. எனவே வெளியிலிருந்து வடிகட்ட வழி இல்லை. அனுப்பும் விரல்தான் நிற்க வேண்டும். ஸ்டிக்கர் செய்யத் தெரிந்த பிள்ளைகளின் அதே திறமையைத் திருப்பி விடலாம் என்று 'கேன்வா'வைத் தேர்ந்தெடுத்தோம். 2013ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்ட இந்த டிசைன் தளம் பிரவுசரிலேயே இயங்கும். பள்ளி ஆசிரியர்களுக்குத் தனி இலவசப் பதிப்பும் உண்டு.

செய்முறை எளிது:

1. கேன்வா தளத்தில் இமெயில் முகவரி தந்து நுழையவும்.

2. தேடல் கட்டத்தில் 'காமிக் ஸ்ட்ரிப்' என ஆங்கிலத்தில் டைப் செய்து, நான்கு கட்ட மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும். கிரீடம் போட்ட படங்களுக்குப் பணம் கேட்கும், தவிர்த்திடவும்.

3. பேச்சுக் குமிழில் இருமுறை கிளிக் செய்து தமிழில் எழுதவும். எழுத்து உடைந்து தெரிந்தால் எழுத்துருவை மாற்றவும்.

4. ஷேர் பட்டனில் டவுன்லோட் தேர்ந்தெடுத்து, பிடிஎப் பைலாக சேவ் செய்து பிரின்ட் எடுக்கவும்.

இன்டர்நெட் இல்லையா? லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ் போதும்.

ஒரே நிபந்தனை: உண்மையான முகமோ பெயரோ கூடாது. முதல் கட்டத்தில் அனுப்பியவர், இரண்டில் பாதிக்கப்பட்டவர், மூன்றில் பார்த்துக்கொண்டிருந்தவர், நான்கில் அடுத்து நடப்பது.

முதல் இரண்டு கட்டங்களை எல்லோரும் உடனே முடித்தார்கள். மூன்றாவதில் தயங்கினார்கள். கடைசியில் ஒரு மாணவி எழுதினாள்: "நான் அனுப்பல. ஆனா சிரிச்சேன்." அதன் பிறகு யாரும் பேசவில்லை. அந்தப் பையன் இப்போது பள்ளிக்கு வருகிறான். ஸ்டிக்கர் இன்னும் யாரோ ஒருவர் போனில் இருக்கலாம். படம் வரைந்ததால் அது அழிந்துவிடவில்லை. ஆனால் புதிதாக ஒன்று வந்தபோது, இரண்டு பேர் அக்காவிடம் வந்து சொன்னார்கள்.

எல்லாக் கேலியும் வகுப்பறையில் தீராது. 2016ல் சேலம் மாவட்டத்தில், முகத்தை ஒட்டி மாற்றிய படங்கள் பேஸ்புக்கில் வெளியானதால் ஓர் இளம்பெண் உயிரிழந்தார். எனவே உங்கள் பிள்ளைக்கு இப்படி நேர்ந்தால், முதலில் போனைப் பிடுங்காதீர்கள்; அடுத்த முறை சொல்ல மாட்டார்கள். செய்தியை அழிக்கும் முன் எண், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுக்கவும். பிறகு ரிப்போர்ட் செய்து பிளாக் செய்திடவும். மிரட்டலோ ஆபாசப் படமோ என்றால் மத்திய அரசின் சைபர் கிரைம் தளத்தில் புகார் தரலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. கம்ப்யூட்டர் வாங்கிய அன்றே இந்த எண்ணை மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டி வையுங்கள்.