தானே அணைந்து தானே எழும் கணினி: காரணம் அறிவோம், கணக்கைக் காப்போம்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. தில்லி இந்திரா காந்தி பன்னாட்டு விமான நிலையத்தில் கணினித் திரைகள் பல நீல நிறமாக மாறி நின்றன. விமான நிறுவனங்கள் சில, போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதிக் கொடுத்தன. எந்த விமானம் எந்த வாயிலில் நிற்கிறது என்ற விவரம் வெண்பலகையில் எழுதி வைக்கப்பட்டது. அன்று உலகெங்கும் கணினிகள் தாமே அணைந்து, தாமே எழுந்து, எழுந்தவுடன் மீண்டும் அணைந்தன. க்ரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு அனுப்பிய பிழையான கோப்பு ஒன்றே இதற்குக் காரணம். 78 நிமிடங்களில் அக்கோப்பு திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டுவிட்டன என்று மைக்ரோசாப்ட் நிறுவனம் மதிப்பிட்டது. நம் நாட்டில் பத்து வங்கிகள் மற்றும் வங்கிசாரா நிதி நிறுவனங்களில் மட்டுமே சிறு இடையூறு ஏற்பட்டதாக இந்திய ரிசர்வ் வங்கி அன்றே அறிவித்தது.

அந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது ஒன்று உண்டு. கணினி தானே மறுதொடக்கம் கொள்வது நோயன்று, நோயின் அறிகுறி. காய்ச்சலுக்குப் பல காரணங்கள் இருப்பதைப்போல இதற்கும் பல காரணங்கள் உண்டு. காரணத்தை அறியாமல் புதுக் கணினி வாங்குவது வீண் செலவு. காரணத்தை அறிந்துகொள்ள முன்பின் தெரியாதவரிடம் கணினியை ஒப்படைப்பதோ பெருஞ்செலவாகவும் முடியலாம். ஆகவே வாடிக்கையாளர்கள் தாமே செய்துகொள்ளத்தக்க சில எளிய சோதனைகளை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முதலில் கவனிக்க வேண்டியவை

கணினி அணையும் விதத்தைக் கூர்ந்து நோக்குங்கள். அறிவிப்பு எதுவும் இன்றி, விளக்கை அணைத்தாற்போல் திரை கறுத்துவிட்டால் மின்சாரத்தையோ வெப்பத்தையோ ஐயுற வேண்டும். நீலத்திரை தோன்றி மறைந்தால் மென்பொருள், டிரைவர் அல்லது ரேமில் கோளாறு இருக்கலாம். முறையாக அறிவித்துவிட்டு அணைந்தால், பெரும்பாலும் அது விண்டோஸ் புதுப்பிப்பின் வேலை. கணினியைப் பயன்படுத்தும் நேரத்தை அமைப்புகளில் 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்ற இடத்தில் குறித்துவிட்டால் அந்நேரத்தில் இத்தொல்லை பெரும்பாலும் நேராது.

நீலத்திரை ஒரு கணத்தில் மறைந்துவிடுகிறதா? பிழை நேர்ந்தால் தானே மறுதொடக்கம் செய்யும்படி விண்டோஸ் முன்கூட்டியே அமைக்கப்பட்டிருப்பதே அதற்குக் காரணம். சிஸ்டம் பண்புகளில் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி' பகுதிக்குச் சென்று 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதற்கு எதிரே உள்ள குறியை நீக்கிவிடுங்கள். அடுத்த முறை நீலத்திரை நிலைத்து நிற்கும். அதிலுள்ள பிழைக்குறியீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். 'ஈவென்ட் வியூவர்' என்னும் நிகழ்வுப் பதிவேட்டையும் பாருங்கள். அங்கே 'கெர்னல் பவர் 41' என்ற பதிவு இருந்தால், கணினி முறையாக மூடப்படாமல் நின்றது என்று பொருள். 1074 என்ற எண் இருந்தால், ஒரு நிரலோ பயனரோ கேட்டு அணைத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

இன்னும் ஓர் எளிய சோதனை உண்டு. கணினியை இயக்கி, விண்டோஸுக்குள் செல்லாமல் பயாஸ் திரையிலேயே அரை மணி நேரம் விட்டுவையுங்கள். அங்கேயும் அணைந்து எழுந்தால் விண்டோஸின் மீது குற்றமில்லை. கோளாறு வன்பொருளில் இருக்கிறது.

தில்லியின் வெயிலும் புழுதியும்

2024 மே 29 அன்று சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. அத்தகைய நாளில், குளிரூட்டப்படாத அறையில் இருக்கும் கணினியின் விசிறி வெப்பக் காற்றையே உள்ளே இழுக்கிறது. செயலியின் வெப்பம் ஏறத்தாழ 100 டிகிரியை எட்டும்போது, அது தன்னைக் காத்துக்கொள்ள முதலில் வேகத்தைக் குறைக்கும்; அதுவும் போதாவிட்டால் கணினியை அணைத்துவிடும். பருவமழைக்கு முன் வீசும் புழுதிக்காற்று வெப்பநீக்கியின் இடுக்குகளை அடைத்துவிடுவதால் நிலைமை மேலும் கெடுகிறது.

மின் இணைப்பை அறவே துண்டித்துவிட்டு, பக்கவாட்டு மூடியைத் திறந்து, மென்மையான தூரிகையால் புழுதியை அகற்றுங்கள். அப்போது விசிறியைச் சுழலவிடாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கணினிப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். மதர்போர்டில் உள்ள சிறு உருளை வடிவ மின்தேக்கிகளின் தலைப்பகுதி உப்பியிருந்தால், பழுதுபார்ப்பவரை நாடுவதே முறை. ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை அழிப்பானால் மெல்லத் துடைத்து மீண்டும் பொருத்தினாலே சில கணினிகள் குணமடைந்துவிடும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கலாகாது. இணைப்பைத் துண்டித்த பின்னும் அதனுள் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

இன்வெர்ட்டர் என்னும் மறைமுகக் காரணம்

எங்கள் கிளையின் வாடிக்கையாளரான ஓய்வூதியர் ஒருவரின் கணினி, கோடையில் நாள்தோறும் இரண்டு மூன்று முறை தானே அணைந்து எழுந்தது. "மின்சாரம் போய் வரும் நேரத்திலா, ஐயா?" என்று கேட்டோம். சிறிது யோசித்துவிட்டு, ஆம் என்றார்.

கணினியின் எஸ்எம்பிஎஸ், மின்சாரம் நின்றபின் ஏறத்தாழ ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரமே தாக்குப்பிடிக்கும். வீட்டு இன்வெர்ட்டர் மின்கலத்துக்கு மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டால், விசிறியும் விளக்கும் ஒரு கணம் மங்கி மீளும். கணினியோ மறுதொடக்கம் கொள்ளும். பல இன்வெர்ட்டர்களில் 'யுபிஎஸ்' என்றும் 'நார்மல்' அல்லது 'எக்கோ' என்றும் இருநிலை விசை ஒன்று உண்டு. அதை 'யுபிஎஸ்' நிலையில் வைத்தால் மாற்றம் விரைவாக நிகழும். அந்த வாடிக்கையாளரின் சிக்கல் அவ்வாறே செலவின்றித் தீர்ந்தது. அத்தகைய விசை இல்லாதவர்கள் கணினிக்கெனத் தனியாக ஒரு யுபிஎஸ் வைத்துக்கொள்வது நலம்.

நச்சுநிரல்களும் போலி உதவியாளர்களும்

2003 ஆகஸ்டில் 'பிளாஸ்டர்' என்னும் நச்சுநிரல் பரவியது. தாக்குண்ட கணினிகள், 60 நொடிகளில் அணையப்போவதாக அறிவித்துவிட்டு மறுதொடக்கம் கொண்டன. அந்நிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் ஒரு மாதத்துக்கு முன்பே, ஜூலையில் வெளியிட்டிருந்தது. அதை நிறுவிக்கொண்டவர்கள் தப்பினர். புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடலாகாது என்பதற்கு இதுவே சான்று. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

மேலே குறிப்பிட்ட ஓய்வூதியர் எங்களிடம் வருமுன், இணையத்தில் கிடைத்த 'உதவி எண்' ஒன்றை அழைத்திருந்தார். மறுமுனையில் பேசியவர் ஒரு செயலியை நிறுவி, அதில் தோன்றும் எண்ணைச் சொல்லுமாறு கேட்டிருக்கிறார். அவர் சொல்லாமல் தொலைபேசியை வைத்துவிட்டு எங்கள் கிளைக்கு வந்தார். அதனால் அவர் சேமிப்பு தப்பியது. அவ்வெண்ணைச் சொல்லியிருந்தால், தொலைவிலிருந்தே அவர் கணினியை இயக்கும் ஆற்றல் அயலார் கைக்குச் சென்றிருக்கும். இத்தகைய தொலைநிலைச் செயலிகள் வழியாக நிகழும் மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்துள்ளது.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, வங்கியோ வாடிக்கையாளரோ காரணமாகாத மூன்றாம் தரப்பு மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. ஆனால் கடவுச்சொல் போன்றவற்றை வாடிக்கையாளரே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு முழுவதும் அவரையே சாரும். பணம் பறிபோயிருப்பதாகத் தெரிந்தால் உடனே வங்கிக்கும் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள்.

பணம் அனுப்பும்போது கணினி அணைந்தால்

பதற வேண்டா. உடனே இரண்டாம் முறை அனுப்பவும் வேண்டா. மீண்டும் உள்நுழைந்து, கணக்கறிக்கையில் தொகை கழிந்துள்ளதா என்று முதலில் பாருங்கள். கழியவில்லையெனில் மறுபடி அனுப்பலாம். ஐஎம்பிஎஸ் அல்லது யுபிஐ வழியே அனுப்பிய தொகை கழிந்து, பெறுபவர் கணக்கில் சேராவிட்டால், பரிவர்த்தனை நாளுக்கு மறுநாளுக்குள் அது திரும்ப வரவு வைக்கப்பட வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு உண்டு. இது 2019 செப்டம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி வகுத்த விதி.

கணினியைப் பழுதுபார்க்க நேரு பிளேஸ் போன்ற சந்தைக்குக் கொண்டு செல்வதாயின், முதலில் உங்கள் ஆவணங்களை வேறோர் வன்தட்டில் படியெடுத்துக்கொள்ளுங்கள். உலாவியில் சேமித்துள்ள கடவுச்சொற்களை நீக்கிவிடுங்கள். எஸ்எம்பிஎஸ் அல்லது ரேம் மட்டுமே பழுதெனில், வன்தட்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லலாம். கணினி திரும்பி வந்ததும், இணைய வங்கிக் கடவுச்சொல்லை ஒருமுறை மாற்றிவிடுவது நன்று.