பாலங்களின் உறுதியை மதிப்பிடும் எடைக் கணக்கு

பழுதுபட்ட பாலங்கள் அனைத்தையும் ஒரே ஆண்டில் சீரமைக்கும் அளவுக்கு எந்த அரசிடமும் பணம் இருப்பதில்லை என்பதால், எதை முதலில் கவனிப்பது என்று முடிவெடுக்கும் முறையே மக்களின் உயிரைக் காக்கும் முதல் அரணாகிறது. அமெரிக்காவில் 1967 டிசம்பரில் ஓகையோ ஆற்றின் மீதிருந்த சில்வர் பாலம் இடிந்து 46 பேர் இறந்ததையடுத்து, 1971இல் நாடு முழுவதற்குமான ஆய்வு விதிகள் வகுக்கப்பட்டன. வாகனங்கள் ஓடும் தளம், அதைத் தாங்கும் உத்திரங்கள் அடங்கிய மேற்கட்டுமானம், தூண்களும் அடித்தளமும் அடங்கிய கீழ்க்கட்டுமானம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அங்கு 0 முதல் 9 வரை மதிப்பெண் இடப்படுகிறது.

தளத்தில் விழும் குழியும் தூணின் அடிமண்ணை வெள்ளம் அரிப்பதும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல என்பதால், ஒவ்வோர் உறுப்புக்கும் அதன் முக்கியத்துவத்தைக் குறிக்கும் ஓர் எண், அதாவது 'எடை', தேவைப்படுகிறது. 1970களில் தாமஸ் சாத்தி உருவாக்கிய படிநிலைப் பகுப்பாய்வு முறை, உறுப்புகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு இந்த எடைகளைக் கண்டறிகிறது. கீழ்க்கட்டுமானம் மேற்கட்டுமானத்தைவிட 2 மடங்கும் தளத்தைவிட 6 மடங்கும், மேற்கட்டுமானம் தளத்தைவிட 3 மடங்கும் முக்கியமானவை என்று பொறியாளர்கள் கருதினால், எடைகள் முறையே 0.6, 0.3, 0.1 என அமையும். ஒப்பீடுகள் ஒன்றோடொன்று எவ்வளவு முரண்படுகின்றன என்பதையும் இம்முறை ஒரு விகிதமாகக் கணக்கிடுகிறது, அது 0.10ஐத் தாண்டினால் ஒப்பீடுகளைத் திருத்த வேண்டும்.

எனினும் மதிப்பெண்களை எடைகளால் பெருக்கிக் கூட்டும்போது கிடைக்கும் தொகை ஆபத்தை மறைத்துவிடக்கூடும். மேற்கட்டுமானம் 3 மதிப்பெண்ணும் மற்ற இரண்டும் தலா 8 மதிப்பெண்ணும் பெற்றால், எடையிட்ட சராசரி 6.5 என்று வந்து, உத்திரங்கள் கடுமையாகப் பழுதடைந்த பாலம்கூட நலமாக இருப்பதாகத் தோன்றும். இதற்கு மாறாக, அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலைத் துறை இன்று பாலத்தின் தரத்தை அதன் மிகக் குறைந்த உறுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே வகைப்படுத்துகிறது.

கண்ணால் கண்ட பழுதுகளைத்தான் எடைகள் வரிசைப்படுத்தும் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. மினியாபொலிஸில் 2007 ஆகஸ்ட் 1 அன்று இடிந்து 13 பேரைப் பலிகொண்ட பாலத்தின் மேற்கட்டுமானம் பல ஆண்டுகளாகவே 4 மதிப்பெண்தான் பெற்றிருந்தது. ஆயினும் விட்டங்களை இணைத்த தகடுகள் தேவையான தடிமனில் ஏறத்தாழ பாதியே கொண்டவையாக வடிவமைக்கப்பட்டிருந்த பிழையை, வெளிப்புறச் சேதத்தை அளக்கும் மதிப்பெண் எதுவும் காட்டவில்லை. ஆகவே எடையிட்ட மதிப்பீட்டுடன், எந்த உறுப்பும் கடக்கக் கூடாத கீழ்வரம்பும், வரைபடங்களைக் கொண்டு சுமைதாங்கும் திறனைச் சரிபார்க்கும் கணக்கும் சேர்ந்தால் மட்டுமே, பாலத்தைத் திறந்து வைப்பதா மூடுவதா என்ற முடிவு நம்பத்தக்கதாகும்.